மலையிலிருந்து இன்னொரு மலைக்கு: வெளிநாட்டு ஊழியத்துக்குப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு, வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக விரும்பும் இளையவர்கள் ஆண்டுக்கு நான்கைந்து பேராவது வந்துபோகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, "என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும், அக்கா?" என்பதுதான். நான் செவிலியராகவும் என் கணவர் பள்ளி ஆசிரியராகவும் தான்சானியாவின் மலைப்பகுதி ஒன்றில் பதினொரு ஆண்டுகள் பணிசெய்து திரும்பியவர்கள். பெட்டியில் வைக்க வேண்டியதைப் பிறகு சொல்கிறேன் என்று கூறிவிட்டு, முதல் ஓராண்டு ஒரு பிரசங்கமும் செய்யாமல் இருக்க உங்களால் முடியுமா என்று அவர்களிடம் திருப்பிக் கேட்பது என் வழக்கம். முடியும் என்பவர்களுக்கும், யோசித்துச் சொல்கிறேன் என்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நீலகிரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. நாம் மிஷனெரிகளை அனுப்பத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே, வந்து இறங்கிய மிஷனெரிகளைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம் முன்னோர்கள். கேத்திப் பள்ளத்தாக்கில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பாசல் மிஷன் 1846-இல் காலூன்றியது. கேசமேஜர் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய நீதிபதி தம் சொத்தை அதற்கு எழுதிவைத்ததால் நிலத்துக்கும் பணத்துக்கும் குறைவில்லை. மெட்ஸ் என்ற ஜெர்மானியர், ஹட்டி எனப்படும் படுகர் ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் நடந்து, படுகர்களோடு அவர்கள் பேச்சிலேயே பழகினார். அப்படியிருந்தும் படுகர் ஒருவர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றது 1858-இல்தான். உங்களை அனுப்பும் சபை ஆறே மாதத்தில் எண்ணிக்கை கேட்டால், இந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

அனுப்புகிறவர்களோடு எழுத்தில் பேசுதல்

முதல் படி விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. சபை மூப்பர்களின் கூட்டத்தில் தொடங்குகிறது. இந்திய மிஷனெரி சங்கம் 1903-இல் திருநெல்வேலியிலும், தேசிய மிஷனெரி சங்கம் 1905-இல் செராம்பூரிலும் தோன்றிய காலம்தொட்டு, நம் காணிக்கையால் நம் ஆட்களை அனுப்பும் பழக்கம் தமிழ்ச் சபைகளுக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே உள்ள பணித்தளங்களைச் சார்ந்தது என்பதால், டாலருக்கும் ரூபாய்க்கும் உள்ள ஏற்றத்தாழ்வு, வேறு நாட்டு வீட்டுவாடகை, திடீரென்று ஊர் திரும்ப வேண்டிய செலவு ஆகியவற்றை மூப்பர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதை அவர்களுடைய குறையாகக் கருதாமல், பொறுமையாக ஒரு தாளில் எழுதிக் காட்டுவது உங்கள் கடமை.

மாதப்படி எந்த நாணயத்தில், எந்தத் தேதிக்குள் வரும்? மருத்துவக் காப்பீடு அந்த நாட்டிலும் செல்லுமா? பெற்றோர் ஒருவர் கவலைக்கிடமானால் பயணச்சீட்டுக்கு யார் பணம் தருவார்கள்? கலவரம் வந்தால் வெளியேற்றுவது யார் பொறுப்பு? ஊர் திரும்பிய பின் முதல் ஓராண்டுக்கு எதை வைத்துச் சாப்பிடுவது? இவற்றைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், புன்னகை செய்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். எங்களைத் தாங்கிய ஓர் அமைப்பில் செயலாளர் மாறியபோது, நான்கு மாதங்கள் படி வராமலே போயிற்று. பக்கத்து வீட்டார் கொடுத்த வாழைக்காயைத் தின்று அந்த நாட்களைக் கழித்தோம். ஊழியம் செய்ய வந்தவர்களுக்கு ஊரார் ஊழியம் செய்த காலம் அது. பிற்பாடு அதுவே எங்களுக்கு நல்ல பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது என்றாலும், அந்த முறையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அனுப்பும் சபையோ அறக்கட்டளையோ இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அறக்கட்டளைப் பணத்தை நாட்டுக்கு வெளியே செலவழித்தால் வருமான வரி விலக்கு தானாகக் கிடைப்பதில்லை. நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகையால் முதல் தவணையை அனுப்பும் முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

காகிதங்கள்

பாஸ்போர்ட்டில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அது இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, திருமணச் சான்றில் கணவர் பெயர், ஞானஸ்நானச் சான்றில் வேறொரு பெயர் என்று இருந்தால், குடும்பப் பெயர் எது என்று கேட்கும் அயல்நாட்டுப் படிவங்கள் உங்களை மூன்று வேறு ஆட்களாகப் பிரித்துவிடும். எல்லா ஆவணத்திலும் பெயர் ஒரே மாதிரி வரும்படி, பயணத்துக்கு ஓராண்டு முன்பே கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஏறி இறங்கித் திருத்திக்கொள்ளுங்கள். காவல்துறை நற்சான்றையும் அங்கேயே கேட்டு வாங்கலாம். படிப்புச் சான்றுகளுக்குச் சில நாடுகளில், ஆவணம் உண்மையானது என்று நம் வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் முத்திரை போதும். வேறு சில நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்தோடு அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் தேவைப்படும்.

விசா விஷயத்தில் என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யாதீர்கள். தான்சானியாவில் மிஷனெரிகளுக்கென்று 'சி' வகை வசிப்பு அனுமதி இருக்கிறது. அழைக்கும் சபை அங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டும். செவிலியர், மருத்துவர் போன்றோர் அந்நாட்டுத் தொழில்முறைக் கவுன்சிலிலும் பதிவுசெய்ய வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டுக் கவுன்சிலிலிருந்து நன்னிலைச் சான்று கேட்பார்கள். நேபாளத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியருக்கு அங்கே விசா தேவையில்லை என்பது உண்மை. ஆனால் 2015-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது, குற்றவியல் சட்டப்படி ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனையும் உண்டு. அங்கே வாராந்தர விடுமுறை சனிக்கிழமை என்பதால் சபைகள் கூடுவதும் சனிக்கிழமையில்தான். சட்டத்தைத் தெரியாமல் நீங்கள் செய்யும் காரியத்துக்கு விலை கொடுக்கப்போவது உள்ளூர் விசுவாசி என்பதை மறக்க வேண்டாம். உங்களை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், அவரை எங்கே ஏற்றுவார்கள்?

நீண்டகாலம் வெளிநாட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால், வங்கிக்குத் தெரிவித்துச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

உடம்பு

நாம் கொசுவலை கட்டிப் பழகாதவர்கள். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கொசு என்பது மேட்டுப்பாளையத்து உறவினர் வீட்டில் பார்க்கும் பிராணி. இந்த அலட்சியமே முதல் ஆண்டில் நம் ஆட்களைப் படுக்கையில் தள்ளுகிறது. மலேரியாவைப் பரப்பும் கொசு இரவில் கடிப்பது. டெங்குவைப் பரப்புவது பகலில் கடிப்பது. எனவே பூச்சிமருந்து ஏற்றிய வலையை அந்தி மயங்கும் முன்பே தாழ்த்தி, மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். தடுப்பு மாத்திரை வேண்டுமா, எது என்பதை நாட்டையும் உங்கள் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. அந்த நாடுகளிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் போன்ற அனுமதிபெற்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். மலையிலிருந்து அங்கே போய்வரவே இரண்டு நாள் ஆகும் என்பதால், பயண வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: நம் ஊர் ஓடையில் கால் நனைப்பதைப்போல ஆப்பிரிக்க ஏரிகளில் இறங்கிவிடக் கூடாது. நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிவரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உடலுக்குள் நுழையும். விக்டோரியா ஏரி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் கரையில் நின்று பார்ப்பதே நல்லது.

மொழி: இங்கே நிதானமாக நில்லுங்கள்

மற்றவற்றையெல்லாம் அரைகுறையாகச் செய்தாலும் சமாளிக்கலாம். மொழியை அரைகுறையாகக் கற்றவர்களின் ஊழியம் மொழிபெயர்ப்பாளரின் ஊழியமாகத்தான் முடிகிறது. முதல் ஆறு மாதங்களுக்கு வேறு எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டேன் என்று போகுமுன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கற்காதீர்கள் என்பது நான் வருகிறவர்களிடம் வற்புறுத்திச் சொல்லும் புத்தி. இதற்கும் நம் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. உதகையில் தோடர்களிடையே பணிசெய்த கேத்தரின் லிங் அம்மையாரின் முயற்சியால் மாற்கு சுவிசேஷம் 1897-இல் தோடர் மொழியில் தமிழ் எழுத்தில் அச்சானது. தோடர் பேச்சில் உள்ள சகர வகைகளையும் உயிர் ஒலிகளையும் கேட்டவர்களுக்கு, நம்முடைய எழுத்து அதற்கு எவ்வளவு இறுக்கமான சட்டை என்பது புரியும். அந்த அம்மையார் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

எனக்கு இது புரிந்தது அவமானப்பட்ட பிறகுதான். தான்சானியாவின் சுவாஹிலி மொழியில் தகப்பனுக்குச் சொல் 'பாபா'. 'பஸ்' என்று சொல்லும்போது வாயில் வருகிற அந்த 'ப'. அதையே 'பழம்' என்பதில் வரும் 'ப'வாக ஒலித்தால் சுறாமீன் என்று பொருளாகிவிடும். என் நோட்டுப் புத்தகத்தில் பரமண்டல ஜெபத்தைத் தமிழ் எழுத்தில் அழகாக எழுதி மனப்பாடம் செய்து, மூன்றாம் வாரமே பெண்கள் கூட்டத்தில் உரக்கச் சொன்னேன். பரலோகத்தில் இருக்கிற எங்கள் சுறாமீனை நான் கனிவோடு அழைத்தபோது, முன்வரிசைப் பாட்டி ஒருவர் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். கூட்டம் முடிந்ததும் அவரே என் கையைப் பிடித்து அழைத்துப் போய், தம் வீட்டு வாசலில் உட்கார வைத்து, உதட்டை விரலால் தொட்டுக் காட்டி அந்த 'பா'வைச் சொல்லித்தந்தார். அடுத்த எட்டு மாதங்கள் அந்த வாசல்தான் என் பள்ளிக்கூடம்.

அதிலிருந்து நான் கண்ட வழி இதுதான். மொழிப்பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும், பொறுமையும் ஓய்வும் உள்ள ஒரு மூத்த பெண்மணியையோ பெரியவரையோ பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் கீரை ஆய்ந்தால் நீங்களும் ஆயுங்கள். நாளைக்குப் பத்துச் சொற்கள் போதும், ஆனால் அந்தப் பத்தையும் அன்றே கடையிலும் கிணற்றடியிலும் பயன்படுத்திவிட வேண்டும். அனுமதி கேட்டுக் கைபேசியில் அவர் குரலைப் பதிவுசெய்து, இரவில் கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்குங்கள். பிழை திருத்தும் குழந்தைகளுக்கு நன்றி சொல்லுங்கள். பெரியவர்கள் மரியாதைக்காகத் திருத்தாமல் விடுவதை அவர்கள்தான் திருத்துவார்கள். 1839-இல் தமிழகம் வந்த ஜி.யு. போப், நடுவில் உதகையில் பள்ளி நடத்திய ஆண்டுகளையும் தாண்டி, திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டது 1886-இல். அவ்வளவு காலம் உங்களுக்கு யாரும் தரமாட்டார்கள் என்றாலும், ஆறு மாதத்தில் முடிந்துவிடும் வேலை இதுவல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மரியாதையை எங்கே வைப்பது என்பது மொழிக்கு மொழி மாறும். நமக்கு 'ங்க' சேர்த்தால் மரியாதை வந்துவிடும். நேபாளியிலும் முன்னிலைச் சொல்லிலேயே படிகள் உண்டு. சுவாஹிலியில் அப்படி இல்லை; பெரியவரைப் பார்த்ததும் 'ஷிகமோ' என்று வணங்கி, அவர் 'மரஹபா' என்று ஏற்றுக்கொண்ட பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். வாசலில் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து 'கரிபு' என்று வந்தால்தான் படி ஏறலாம். உறவுச் சொற்களில் தமிழ்க் காது கொஞ்சம் தடுமாறும். அங்கே தாய்க்குப் பெயர் 'மாமா', அக்காவுக்கு 'தாதா', அண்ணனுக்கு 'காக்கா'. ஊர்ப் பெண்களை, மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து 'மாமா இன்னார்' என்று அழைப்பதுதான் முறை. என் கணவர் அறுபது வயதுப் பெண்மணியை மாமா என்று கூப்பிட நா எழாமல் ஒரு மாதம் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கடிகாரமும் வேறு. சுவாஹிலிக்காரர்கள் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுகிறார்கள். 'சா டாட்டு', அதாவது மூன்று மணி என்றால், நம் கணக்குக்குக் காலை ஒன்பது. அப்போஸ்தலர் நடபடிகளில் 'மூன்றாம் மணி வேளை' என்று எத்தனையோ முறை வாசித்திருந்தும், முதல் மூப்பர் கூட்டத்துக்கு நாங்கள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்து நின்றோம்.

அடுப்படியும் அக்கம்பக்கமும்

பெட்டியில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். சாம்பார்ப் பொடி, பெருங்காயம், கடுகு, ஒரு நல்ல இரும்புக் கல், பிரஷர் குக்கருக்கு இரண்டு உபரி கேஸ்கட், கண்ணாடி அணிகிறவர்களுக்கு இன்னொரு கண்ணாடி, ஆறு மாதத்துக்கான வழக்கமான மருந்துகளும் அவற்றுக்கான சீட்டும். மின்னழுத்தம் தான்சானியாவிலும் 230 வோல்ட்தான் என்பதால் மிக்ஸி ஓடும். பிளக்கின் முனைதான் பெரும்பாலும் வேறு. கம்பளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போனேன். ஜூலை மாதத்து மலைக்குளிரில் அதற்காக வருந்தினேன்.

இதற்கு மேல் எடுத்துப் போக வேண்டியதில்லை. புளி, முருங்கை, தேங்காய், மரவள்ளி எல்லாம் அந்த நாட்டில் உண்டு. அவர்கள் சொல்லும் 'ம்ச்சிச்சா' நம் தண்டுக்கீரைக்கு அக்கா தங்கை முறை. மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் உகாலி, நம் களியை அறிந்த கைக்கு அந்நியமாக இருக்காது. சாப்பிடுமுன் ஒருவர் செம்பில் தண்ணீர் ஊற்ற, எல்லாரும் கை கழுவி, வலது கையால் உருட்டிச் சாப்பிடுகிறார்கள். முள்கரண்டியோடு போராடிய வெள்ளைக்காரர்களுக்குக் கிடைக்காத உரிமை, நாங்கள் முதல் கவளத்தை உருட்டிய விதத்தைப் பார்த்ததுமே எங்களுக்குக் கிடைத்தது. நேபாளத்துக்குப் போனால் நம்முடைய 'எச்சில்' அங்கே 'ஜூட்டோ'. வாய் வைத்த பாத்திரத்தை நீட்டாதே என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிராது.

ஆனால் நம் முகத்துக்கு ஒரு சுமையும் உண்டு. தான்சானியாவில் இந்தியர் என்றால் 'ம்ஹிந்தி'. தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குஜராத்தி வியாபாரிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, நாமும் பணக்காரக் கடைக்காரர்களே. மக்காச்சோளத்துக்கு 'மஹிந்தி' என்று பெயர் இருப்பதால், இரண்டையும் சேர்த்துக் குழந்தைகள் எங்களைக் கேலி செய்ததை நாங்கள் ரசித்தோம். கடன் கேட்டு வருகிறவர்களை அப்படி ரசிக்க முடியாது. தனிப்பட்ட முறையில் கடன் தருவதில்லை என்றும், உண்மையான தேவை இருந்தால் சபை மூப்பர் வழியாகக் கேட்கலாம் என்றும் முதல் வாரமே ஒரு முறையை வைத்துக்கொண்டு, அதை உங்களுக்கு வேண்டியவருக்காகவும் வளைக்காதீர்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

எங்கள் ஊரில் விடியுமுன் எழுந்து கரி அடுப்பை மூட்டுவதோடு நாள் தொடங்கும். தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வேதம் வாசித்து ஜெபிப்போம். தியானத்துக்கு ஒரு மணி நேரம் என்று ஊரில் எழுதி வைத்த திட்டம், கரி ஈரமாக இருந்த நாட்களில் இருபது நிமிடமாகக் குறைந்துவிடும். அதற்காக யாரும் குற்ற உணர்வில் வாட வேண்டாம். ஏழரைக்கு அவர் பள்ளிக்கும் நான் மருந்தகத்துக்கும் கிளம்புவோம். அரை மணி நேர நடைதான் என்றாலும், வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவரோடும் வீட்டார் நலம், பயிர் நலம், தூக்கத்தின் நலம் வரை விசாரிக்காமல் கடந்து போவது அவமரியாதை என்பதால், அது ஒன்றேகால் மணி நேரமாகும். முதல் ஆண்டு அந்த நேரம் வீணாகிறது என்று நான் எரிச்சல்பட்டேன். அதுதான் என் நாளின் முக்கியமான வேலை என்பது மூன்றாம் ஆண்டில் புரிந்தது.

புதன்கிழமை குழந்தைகளை எடைபார்க்கும் நாள். விட்டத்தில் தொங்கும் தராசின் கொக்கியில் தாய் தன் துணித் தொட்டிலை மாட்டுவாள், குழந்தை அலறும், வரிசையில் நிற்கும் மற்றத் தாய்மார்கள் பாட்டெடுத்து அதைச் சமாதானப்படுத்துவார்கள். நான் அட்டையில் புள்ளி வைத்து, கோடு இறங்கியிருந்தால் அந்தத் தாயை ஓரமாக உட்கார வைத்துப் பேசுவேன். இயேசுவைப் பற்றிய கேள்விகள் எனக்கு வந்தது பெரும்பாலும் அந்த ஓரத்துப் பெஞ்சில்தான். கேட்காதவரிடம் நான் தொடங்கியதில்லை. சிகிச்சைக்கு வந்தவர், மருந்துக்கு விலையாகப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இதில் என்னோடு உடன்படாத ஊழியர்கள் இருக்கிறார்கள்.

மாலையில் நோயாளி வீடு, துக்க வீடு, கல்யாண வீடு என்று ஏதாவது ஒன்று இருக்கும். துக்க வீட்டில் பேச மொழி போதாவிட்டாலும் கவலையில்லை. வருந்துகிறேன் என்று பொருள்படும் 'போலெ' என்ற ஒரு சொல்லைச் சொல்லி, தரையில் விரித்த பாயில் பெண்களோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். இருட்டிய பின் மின்சாரம் இருந்தால் பாடம், இல்லாவிட்டால் மெழுகுவத்தியும் பேச்சும்.

ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம் போகும். பாடற்குழு ஒன்றல்ல, நான்கைந்து. விருந்தினரை எழுந்து நின்று வாழ்த்துச் சொல்லச் சொல்வார்கள், ஆகவே மூன்று வரிகளைத் தயாராக வைத்திருங்கள். ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த முட்டை, கோழி, வாழைத்தாரை வெளியே மரத்தடியில் ஏலம் விடுவார்கள். நம் அறுப்பின் பண்டிகை ஏலம் அங்கே வாராவாரம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் விலையை ஏற்றி நம் தாராளத்தைக் காட்டத் தோன்றும். ஊரில் மற்றவர் வாங்கக்கூடிய விலையைத் தாண்டாதீர்கள்.

ஜெபக் கடிதமும் பிள்ளைகளும்

தாங்குகிறவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் நோயுற்ற குழந்தையின் படத்தை அனுப்பக் கூடாது. ஒரு சோதனை சொல்கிறேன்: அந்தக் கடிதத்தைப் பணித்தளத்து மூப்பருக்கு மொழிபெயர்த்து உரக்க வாசித்துக் காட்ட உங்களால் முடியுமா? முடியாத வரியை அடித்துவிடுங்கள். கெடுபிடியான நாடுகளில் ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது ஆபத்து.

பிள்ளைகளின் படிப்புதான் பல குடும்பங்களைத் திருப்பி அழைத்துவந்த காரணம். குன்னூரில் 1899-இல் தொடங்கி இப்போது உதகையில் இருக்கும் ஹெப்ரோன் பள்ளியும், 1901-இல் தொடங்கிய கொடைக்கானல் பள்ளியும் மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காகப் பிறந்தவை. கென்யாவில் ரிஃப்ட் வேலி அகாடமி 1906 முதல் இருக்கிறது. விடுதிப் பள்ளியில் விடுவது எளிய தீர்வாகத் தெரியும். எங்கள் மகளை ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை வைத்திருந்து, பிறகு என் அம்மாவிடம் அனுப்பினோம். சரியா தவறா என்று அவளைக் கேட்டால் ஆண்டுக்கு ஒரு பதில் சொல்கிறாள். கிளம்புமுன் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசுங்கள் என்பதைத் தவிர, இதில் எனக்குத் துணிந்து சொல்ல ஒன்றும் இல்லை.

ஒப்படைத்தலும் திரும்புதலும்

1914-இல் உலகப்போர் மூண்டபோது, இந்தியாவில் இருந்த பாசல் மிஷனின் ஜெர்மானிய ஊழியர்கள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார்கள். உங்களுக்கும் ஒரு நாள் அப்படி இருபத்துநாலு மணி நேரத்தில் கிளம்ப வேண்டி வரலாம். போர் வேண்டாம், விசா நீட்டிப்பை மறுத்தாலே போதும். ஆகையால் முதல் ஆண்டிலேயே மருந்தகத்தின் இரண்டாவது சாவி உள்ளூர்க்காரர் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் உள்ளூர் மூப்பர்களின் கையெழுத்து வேண்டும். இருப்புப் பதிவேட்டை அவர்கள் மொழியில் எழுத வேண்டும். நான்காம் ஆண்டில் நான் இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தபோது எடைபார்க்கும் புதன்கிழமை ஒன்றுகூடத் தவறவில்லை என்று கேள்விப்பட்டு, கொஞ்சம் வருத்தமும் நிறைய நிம்மதியும் அடைந்தேன்.

திரும்பி வந்ததும் சபைகள் உங்களைச் சாட்சி சொல்ல அழைக்கும். முதல் ஒரு மாதம் எங்கும் ஒப்புக்கொள்ளாமல் தூங்குங்கள், பல் மருத்துவரைப் பாருங்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் மலையில் காய்ச்சல் என்று போனால், பனியில் நனைந்தீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். திரும்பி வந்து சில மாதங்கள் கழிந்திருந்தாலும், எந்த நாட்டிலிருந்து என்றைக்கு வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லி, மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். என் கணவர் அதைச் சொல்லாமல் மூன்று நாள் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியதாயிற்று.